டேப் எழுதியவரின் காது

மின்கிட்டார் வாங்கிய எவரும் முதல் வாரத்திலேயே ஒரு ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு, வாசித்துவிடலாம். பாட்டின் பெயரைத் தேடினால் ஆறு கோடுகளும் அவற்றின்மேல் சில எண்களும் கிடைக்கும். கோடு என்றால் தந்தி, எண் என்றால் ஃப்ரெட். மூன்றாம் கோட்டில் 7 என்று இருந்தால் மூன்றாம் தந்தியை ஏழாம் ஃப்ரெட்டில் அழுத்த வேண்டும். டேப்லேச்சர், சுருக்கமாக டேப் என்னும் இந்த முறையைக் கற்க ஐந்து நிமிடம் போதும். இசைக்குறிப்பு எதுவும் தெரியாமல் தனியாகப் பயில்கிறவர்களில் பெரும்பாலோர் இதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

ஐந்தாறு மாதம் கழித்து அவர்களைப் பார்த்தால் ஒரே மாதிரியான தேக்கம் தெரியும். பத்துப் பாட்டின் தொடக்கம் கைவசம் இருக்கும். ஒன்றையும் முழுதாக வாசிக்க வராது. நண்பர் ஒருவர் ட்ரம்ஸில் உட்கார்ந்தால் அவரோடு சேர்ந்து நான்கு சுற்றுகூட நிற்க முடியாது. டேப் இல்லாத ஒரு மெட்டைக் கேட்டால் எங்கே தொடங்குவது என்று கை திகைக்கும். பலருடைய கிட்டார் பரணுக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். பயிற்சி போதவில்லை, விரல் நீளமில்லை, வயதாகிவிட்டது என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அவர்கள் உழைப்பில் குறையில்லை என்பதே என் எண்ணம். டேப் என்னும் கருவி எதைக் கற்றுத்தருகிறது, எதைக் கற்க விடாமல் செய்கிறது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். மேற்கத்திய ஐந்துகோட்டு இசைக்குறிப்பு பியானோவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே ஒரு சுரத்துக்கு ஒரு கட்டைதான். கிட்டாரில் அப்படியில்லை. முதல் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் ஒலிக்கும் ஈ சுரம், இரண்டாம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலும், மூன்றாவதில் ஒன்பதிலும், நான்காவதில் பதினான்கிலும், ஐந்தாவதில் பத்தொன்பதிலும் உண்டு. சுருதி ஒன்றே, ஆனால் மெல்லிய தந்தியில் அது கூர்மையாகவும், தடித்த தந்தியில் உருண்டு திரண்டும் கேட்கும். இவற்றில் எதைத் தேர்வது என்று ஐந்துகோட்டுக் குறிப்பு தானாகச் சொல்லாது. டேப் சொல்லும். ஆகவே இதை இசை படிக்கத் தெரியாதவர்களுக்கான குறுக்குவழி என்று இகழ்வது அறியாமை. 1507இல் வெனிஸில் பெட்ருச்சி அச்சிட்ட ஸ்பினாச்சினோவின் லூட் புத்தகம் டேப்பில் இருந்தது. 1536இல் ஸ்பெயினில் வெளிவந்த லூயிஸ் மிலானின் விகுவேலா நூலும் அப்படியே. தேர்ந்த கலைஞர்கள் தேர்ந்த கலைஞர்களுக்காக எழுதிய முறை இது.

ஆனால் அந்தப் பழைய புத்தகங்களில் எண்வரிசைக்கு மேலே சின்னச் சின்னக் கொடிகள் இருக்கும். ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அவை. 1990களில் கணினி முன் அமர்ந்த ரசிகர்கள் வெறும் தட்டச்சு எழுத்துகளால் டேப் எழுதத் தொடங்கியபோது இந்தக் கொடிகள் காணாமல் போயின. இணைகோடுகளையும் எண்களையும் தட்டச்சு செய்வது எளிது. காலத்தைக் குறிப்பது கடினம். பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதானே, கேட்டுக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஐந்நூறு ஆண்டு பழைய முறையின் பாதி இப்படித்தான் கைநழுவியது. புதிதாகக் கற்பவர் கையில் இன்று இலவசமாகக் கிடைப்பதில் பெரும்பகுதி அந்த மீதிப் பாதிதான்.

தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் 2003ஆம் ஆண்டுப் பாடல் ‘செவன் நேஷன் ஆர்மி’யை எடுத்துக்கொள்வோம். தொடக்கநிலையில் இதை வாசிக்காதவர் அரிது. ஐந்தாம் தந்தியில் 7, 7, 10, 7, 5, 3, 2: ஏழே சுரங்கள், ஒரே தந்தி. எண்களை மட்டும் பார்த்து வாசிப்பவர் ஏழையும் சம இடைவெளியில் தட்டுவார். எண்ணெல்லாம் சரி, பாட்டைக் காணோம். முதல் சுரம் ஒன்றரைத் தட்டு நிற்க வேண்டும். இரண்டாவது அரைத் தட்டில் முடிய வேண்டும். அடுத்த மூன்று சுரங்கள் இரண்டு தட்டுக்குள் நெருக்கியடித்து நுழைய வேண்டும். கடைசி இரண்டும் ஒவ்வொன்றும் இரண்டு தட்டு நீண்டு இறங்க வேண்டும். அந்த ரிஃப்பை விளையாட்டரங்கக் கூட்டம் வாய்விட்டுப் பாடுவதற்குக் காரணம் இந்த நெருக்கமும் நீட்சியும்தான். அரங்கத்தில் பாடும் யாருக்கும் ஃப்ரெட் எண் தெரியாது. ஆனால் காலப்பிரமாணம் பிசகுவதில்லை. கிட்டாரைக் கையில் எடுக்கும்வரை அதே மனிதருக்குத் தெரிந்திருந்த ஒன்றை, எண்ணைப் பார்த்ததும் மறக்கச் செய்கிறது இந்த முறை.

டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ வேறொரு குறையைக் காட்டும். தொடக்கநிலை டேப்களில் அது தடித்த தந்திகளில் பவர் கார்டாகவோ ஒற்றைச் சுரமாகவோ இருக்கும். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் வாசிப்பது மூன்றாம், நான்காம் தந்திகளை ஒருசேர, பிக் இல்லாமல் விரலால் பிடுங்கி. இரண்டு சுரமும் ஒரே நொடியில் எழுவதால்தான் அந்த ரிஃப்புக்கு அத்தனை இறுக்கம். பிக்கால் கீறினால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். சரியான டேப்பிலும்கூட வலக்கை செய்வதில் பெரும்பகுதி இருக்காது. ஆறு கோடுகளும் இடக்கைக்கானவை.

காலக் குறை இப்போது தீர்ந்துவிட்டதே என்று கேட்கலாம். 1997இல் வந்த கிட்டார் ப்ரோ போன்ற மென்பொருள்கள் எண்களோடு தாள அளவையும் காட்டி, வாசித்தும் காட்டுகின்றன. 2011இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ராக்ஸ்மித் விளையாட்டில் உண்மையான மின்கிட்டாரையே கேபிளால் செருகலாம். நாம் தேறத் தேறச் சுரங்களின் எண்ணிக்கையை அது கூட்டிக்கொண்டே போகும். இவை நல்ல முன்னேற்றம், சந்தேகமில்லை. தாளத்தோடு சேர்ந்து நகரும் பழக்கத்தை இவை தருகின்றன. முதல் மூன்று மாத உற்சாகத்தைக் காப்பாற்றுகின்றன. ஆனால் திரையில் எண் வருகிறது, விரல் போகிறது, அடுத்த எண் வருகிறது. திரையை அணைத்ததும் பாட்டும் அணைந்துவிடுகிறது. கண்ணுக்கும் விரலுக்கும் இடையே பாதை போடப்பட்டதே தவிர, காது அந்தப் பக்கமே வரவில்லை.

என் வாதத்தின் மையம் இதுதான்: ஒரு டேப்பில் உண்மையாகக் கற்றுக்கொண்டவர் அதை எழுதியவர். அவர் அந்தப் பாட்டை ஒரு வரி கேட்டு, நிறுத்தி, தந்தியில் தேடி, தவறென்று கண்டு, மறுபடி கேட்டு எழுதியிருக்கிறார். அந்தத் தேடலில் அவர் காது கூர்மையாயிற்று. வாசிப்பவருக்குக் கிடைப்பது தேடலின் முடிவு மட்டும், கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடைபோல. கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வையின் கதை இதற்கு நல்ல சான்று. இளம் வயதில் அவர் ஃபிராங்க் ஜாப்பாவின் மிகக் கடினமான இசையைக் காதால் கேட்டு எழுதி அவருக்கே அனுப்பினார். அதைப் பார்த்துத்தான் ஜாப்பா தன் இசையை எழுத்தில் வடிக்கும் வேலையை அவருக்குத் தந்தார், பிறகு இசைக்குழுவிலும் சேர்த்துக்கொண்டார். அவர் எழுதியவை 1982இல் புத்தகமாகவே வந்தன. அந்தப் புத்தகத்தை வைத்து வாசித்தவர்கள் பலர் இருப்பார்கள். எழுதியதால் வளர்ந்தவர் ஒருவர்.

அதற்கும் முந்திய தலைமுறைக்கு இசைத்தட்டுதான் ஆசான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டைப் பாதி வேகத்தில், 16⅔இல், ஓடவிடுவார்கள். வேகம் சரிபாதியானால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். சுரத்தின் பெயர் மாறாது. அதனால் வேகமான ஒரு சோலோவை அந்தக் குறைந்த வேகத்தில் தேடிப்பிடிக்க முடிந்தது.

இதைச் சொல்வதால் அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. காதால் மட்டும் கற்கும் வழி எத்தனை பேரை முதல் மாதத்திலேயே துரத்தியது என்பதற்குக் கணக்கில்லை. புகழ்பெற்றவர்கள் அப்படிக் கற்றார்கள் என்கிறோம். தோற்றவர்கள் வரலாற்றில் இல்லை. வேலை முடிந்து வந்து இரவில் அரைமணி நேரம் ஹெட்ஃபோனோடு அமர்பவரிடம், ஒரு சோலோவை ஆறு வாரம் தேடு என்று சொல்வது கொடுமை. மேலும் சில விஷயங்களைக் காது கண்டுபிடிக்கவே முடியாது. 1978இல் வான் ஹேலனின் ‘இரப்ஷன்’ வந்தபோது, அதை இசைத்தட்டில் மட்டும் கேட்டவர்களுக்கு அந்தச் சுரங்கள் எப்படிப் பாய்கின்றன என்று விளங்கவில்லை. வலக்கை விரலும் ஃப்ரெட் பலகைமேல் வந்து தந்தியைத் தட்டுகிறது என்பதைக் கண்ணால் கண்டோ, டேப்பில் படித்தோதான் அறிய வேண்டும். பிளாக் சபாத்தின் டோனி அயோமி 1971ஆம் ஆண்டு ஆல்பத்தின் சில பாட்டுகளில் தந்திகளையே மூன்று அரைச்சுரம் இறக்கிக் கட்டினார். இந்தத் தகவலை டேப்பின் தலைப்பு வரி ஒரு நொடியில் தந்துவிடும். அங்கெல்லாம் டேப்பை ஒதுக்குவது வீண்பிடிவாதம்.

கர்நாடக இசை பயின்றவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 1904இல் கொண்டுவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுர எழுத்துகளோடு கமகங்களுக்கும் தனிக் குறிகள் இட்டார். சுர எழுத்து மட்டும் இருந்தால் ராகம் எலும்புக்கூடாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அத்தனை குறிகளும் இருந்தும், அதைப் பார்த்துப் பாடுகிறவர் அந்த ராகத்தை முன்பே காதால் அறிந்தவராக இருந்தாக வேண்டும்.

மின்கிட்டாரில் கமகத்துக்கு நிகரான இடம் பெண்ட், அதாவது தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது. டேப்பில் ஒரு வளைந்த அம்பும் ‘முழு’ என்ற அளவும் இருக்கும். தொடக்கநிலையாளர் தள்ளுவார், சுருதி பாதிவழியில் நிற்கும் அல்லது தாண்டிப் போகும். எண் சரி என்பதால் அவருக்குத் தவறு தெரியாது. இதற்கு ஒரு சோதனை உண்டு. ஆம்பில் டிஸ்டார்ஷனைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டி ஒலிக்க விடுங்கள். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் தந்தியை ஏழாம் ஃப்ரெட்டில் மோதிர விரலால் அழுத்தி, முன்னிரு விரல்களையும் துணைக்குச் சேர்த்து மேலே தள்ளுங்கள். இரண்டு சுருதியும் நெருங்கும்போது ஒரு உறுமல் கேட்கும். நெருங்க நெருங்க அந்த உறுமலின் துடிப்பு மெதுவாகும்: வேகமாக, பிறகு அலையலையாக, பிறகு ஒரே நேர்க்கோடாக. துடிப்பு நின்ற இடமே சரியான இடம். அதைத் தாண்டினால் துடிப்பு மறுபடி தொடங்கும். எவ்வளவு தள்ள வேண்டும் என்று எந்த எண்ணும் சொல்ல முடியாது; தந்தியின் தடிமனுக்கும் கிட்டாரின் அமைப்புக்கும் ஏற்ப அது மாறும். விரல் அதைக் காதிடமிருந்துதான் கற்க முடியும்.

அடக்குதலும் அப்படித்தான். டிஸ்டார்ஷன் ஏறிய ஆம்பில், தொடாத தந்திகூட அதிரும். வாசிக்கும் ஒரு தந்தி போக மற்ற ஐந்தையும் வலக்கையின் அடிப்பகுதியாலும் இடக்கை விரல்களின் ஓரத்தாலும் அமைதியாக வைத்திருப்பது மின்கிட்டாரின் பாதி வேலை. டேப்பில் பாம் மியூட், அதாவது வாசிக்கும் தந்தியை உள்ளங்கை ஓரத்தால் மட்டுப்படுத்தச் சொல்லும் குறி உண்டு. வாசிக்காத தந்திகளை அடக்கச் சொல்லும் குறி இல்லை. ஆறு மாதம் வாசித்தும் ஏன் இரைச்சலாகவே இருக்கிறது என்று குழம்புகிறவர்களில் பலருக்கு விடை இங்கே இருக்கிறது.

ஆக, நான் கேட்பது வரிசையை மாற்றச் சொல்லித்தான். புதிய பாட்டு எடுத்தால் முதல் நாள் டேப்பைத் திறக்க வேண்டாம். ரிஃப்பைக் கேட்டு, வாயால் பாடி, காலால் தட்டுப் போட்டுப் பழகுங்கள். பாட வராததைக் கை வாசிக்காது. பிறகு ஒரே தந்தியில் அதைத் தேடுங்கள். இடம் தவறாக இருந்தாலும் பரவாயில்லை, சுரம் சரியாக வந்தால் போதும். நான்கு சுரம் பிடிபட்டாலும் சரி, அதன்பின் டேப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். எங்கே பிசகினோம், அவர் ஏன் வேறு தந்தியைத் தேர்ந்தார் என்ற கேள்விகள் அப்போதுதான் எழும். சில வேளை தவறு டேப்பில் இருக்கும். ரசிகர்கள் எழுதியதில் பிழை மலிந்து கிடக்கிறது. அச்சில் இருப்பதைவிடத் தன் காது சொன்னது சரி என்று முதன்முதலாக ஒருவர் உறுதியாகச் சொல்லும் நாள், அவர் வாசித்த எந்த வேகமான சோலோவையும்விடப் பெரிய முன்னேற்றம். இந்த வழியில் முதல் ரிஃப் வாசிக்க ஒரு வாரத்துக்குப் பதில் மூன்று வாரம் ஆகலாம். அந்த இரண்டு வாரத்தைத் தொடக்கத்திலேயே செலவிடுங்கள் என்றுதான் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் மன்றாடுவேன்.