எண்ணிக்கையும் வளர்ச்சி விதியும்

கண்டி மாநகரின் உடவத்தகலைக் காட்டிலே வாழுங் குரங்குகள் அயலிலுள்ள கூரைகளிலும் பழமரங்களிலும் உலாவுதல் நாளாந்தக் காட்சி. தென்னையும் மரக்கறியும் இழக்கும் உழவர் துயர் மெய்யே. அத்துயர்க்கு மருந்து கூறுங் கணிதம் மெய்யானதோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

2025 மார்ச் 15 அன்று காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம், நாடெங்கும் மக்கள் தத்தம் வளவுகளிற் கண்ட விலங்குகளைக் குறித்தனர். குரங்குகள் ஏறத்தாழ 52 இலட்சம் என முடிவு வெளியாயிற்று. குறுகிய நேரம் இருமுறை எண்ணுதலைக் குறைக்கும் என்பது உண்மை. எனினும் எல்லைமரத்து நின்ற ஒரே கூட்டத்தை அயலவர் இருவரும் எழுதின் தொகை மிகும். எண்ணுவாரில்லாத அடர்காட்டிலோ குறையும். பிழையின் அளவு கூறப்படாத எண் முற்றுப்பெற்ற எண் ஆகாது.

இதனினும் பெரிய குறையொன்றுண்டு. ஓர் எண்ணிக்கை ஒரு புள்ளியே. ஒரு புள்ளியூடாக எண்ணற்ற வளையிகள் செல்லும் என்பதைக் கணித மாணவர் அறிவர். குடித்தொகை பெருக்கல் விருத்தியில் வளரும் என மால்தஸ் 1798 இல் எழுதினார். உணவும் இடமுந் தாங்கும் எல்லையை நெருங்குந்தோறும் அவ்வளர்ச்சி தளரும் என வெருல்ஸ்ட் 1838 இற் சமன்பாடு அமைத்தார். அச்சமன்பாட்டின்படி, தொகை அவ்வெல்லையின் செம்பாதியாய் நிற்கையிலேயே வளர்ச்சி மிக விரைவாகும். ஆகவே, எல்லையை எட்டிய கூட்டத்திற் பாதியைப் பிடித்தகற்றி, குப்பைமேட்டையும் மீந்த உணவையும் இருந்தவாறே விடுதல், எஞ்சியவற்றை மிக வேகமாய்ப் பெருகும் நிலையிற் கொண்டு நிறுத்துதலேயாம். எல்லையை உயர்த்தியவன் மனிதன். அதனைத் தாழ்த்தாது குரங்கை மட்டுங் குறைத்தல் பயனில் முயற்சி.

நம்பத்தக்க கணிதத்துக்கு வழி பொலனறுவையில் உண்டு. அங்கு 1968 இல் வொல்ப்காங் டிட்டஸ் தொடங்கிய ஆய்விலே குரங்குகள் தனித்தனியே அடையாளங் காணப்பட்டு, அவற்றின் பிறப்பும் இறப்பும் பல்லாண்டு பதியப்பட்டன. உணவுப் போட்டியிற் பின்தள்ளப்படும் இளங்குரங்குகளிடையே இறப்பு மிகுதல் அதனாற் புலனாயிற்று. எனினும், வறண்ட பொலனறுவையின் மாறிலிகளை மழைமிகு கண்டிக்கு அப்படியே பெயர்த்தல் தகாது.

பேராதனைப் பல்கலைக்கழகம் அருகிருக்க, கண்டிப் பாடசாலை மாணவர் சில கூட்டங்களையேனும் ஆண்டுதோறும் அதே பருவத்தில், அதே முறையில் எண்ணிவருதல் அரிதன்று. பத்தாண்டுப் பொறுமை தரும் பத்துப் புள்ளிகள் ஐந்து நிமிடத்துப் பேரெண்ணினும் உழவர்க்கு உதவுவனவாம்.