மற்களமும் மனையும்
‘சார்பட்டா பரம்பரை’ குறித்துச் சில எண்ணங்கள்

போட்டியையும் காதலையும் ஒரே களத்தில் வைத்துப் பாடுதல் தமிழுக்குப் புதியதன்று. உறையூர்த் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, தந்தையோடு பகைத்து வாழ்ந்த காலத்தில் ஆமூர் மல்லனை மற்போரில் வென்றான் என்பர். அவ்வெற்றியைச் சாத்தந்தையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 80ஆம் பாட்டாக நிற்கிறது. அதே வீரனை 83 முதல் 85 வரையுள்ள மூன்று பாடல்களில் பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர். சாத்தந்தையார் களத்தைக் கண்டார். நக்கண்ணையாரோ களத்தில் நிற்பவனைக் கண்டதோடு, அவனை விரும்பித் தவிக்கும் நெஞ்சையும், தாய்க்கும் அவைக்கும் அஞ்சும் நிலையையும் சேர்த்துப் பாடினார். வெற்றி யாருக்கு என்று ஊரார் இரு கூறாய்ப் பிரிந்து வழக்கிட்டபோது, ஒரு மரத்தருகே நின்று தம் கண்ணால் கண்டு தீர்ப்புச் சொல்கிற பெண்ணையும் அவர் பாடலில் காண்கிறோம்.

கலித்தொகையின் முல்லைக்கலி மற்றொரு வழியைக் காட்டுகிறது. அங்கே கொல்லேற்றைத் தழுவியவனுக்கே ஆயமகள் உரியவள். நம் திரைப்படங்கள் நெடுங்காலம் இவ்வழியையே பின்பற்றி வந்துள்ளன. நாயகன் களத்தில் வெல்வான். நாயகி அவ்வெற்றியின் பரிசாக வந்து சேர்வாள். நக்கண்ணையார் வகுத்த வழியில், அதாவது விரும்புகிற பெண்ணின் கண்ணால் களத்தைப் பார்க்கும் வழியில் சென்ற படங்கள் மிகச் சிலவே. பா. இரஞ்சித் இயக்கத்தில் 2021 சூலை 22ஆம் நாள் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ அவ்வழியில் சில அடிகளேனும் எடுத்து வைத்த படம் என்பது நம் கருத்து.

கதை 1970களின் வடசென்னையில் நிகழ்கிறது. குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியாப்பம் என இரு பரம்பரைகள் மோதுகின்றன. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கபிலன், ரங்கன் வாத்தியாரின் மானத்தைக் காக்கச் சார்பட்டாவின் சார்பில் களம் இறங்குகிறான். குத்துச்சண்டை வீரராய் இருந்து அடிதடியில் வீழ்ந்து கொலையுண்டவர் அவன் தந்தை. ஆகவே தாய் பாக்கியம் அவனைக் களத்தின் பக்கமே போகக்கூடாதென்று தடுக்கிறாள். 1976 சனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட நிகழ்ச்சி, கபிலன் வெல்லும் தறுவாயில் இருந்த ஆட்டத்தின் நடுவே வந்து விழுகிறது. வாத்தியார் சிறைக்குப் போகிறார். கபிலன் ஊர் நடுவே அவமானப்படுத்தப்படுகிறான். பின்னர் அவன் சாராயத் தொழிலில் இறங்கிச் சீர்கெட்டு, மீண்டு எழுவது கதையின் பிற்பகுதி.

இப்படத்தில் நாம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டுவது பகையும் நட்பும் இடம் மாறி நிற்கும் அமைப்பு. எதிரணி வீரனாகிய டான்சிங் ரோஸ், கபிலனோடு மோதித் தோற்கிறான். தோற்றவன் வெறுப்பைக் கொண்டு செல்லவில்லை. தன்னை வென்றவனின் வலிமையை அறிந்துகொண்டு செல்கிறான். ஷபீர் கல்லரக்கல் சில காட்சிகளிலேயே வந்தும் மறவாத இடம் பெற்றதற்கு அவருடைய கால்களின் துள்ளல் மட்டும் காரணமன்று. எதிரியை மதிக்கத் தெரிந்த கலைஞனின் பெருமிதம் அவர் நடிப்பில் இருந்தது. மறுபுறம், வாத்தியாரின் மகன் வெற்றி கபிலனோடு ஒரே களத்தில் வளர்ந்தவன். தந்தை தன்னை விடுத்துக் கபிலனைத் தேர்ந்தது அவன் நெஞ்சில் ஆறாத புண். அத்தகையவனோடு கொண்ட கூட்டுத்தான் கபிலனைச் சாராயத்தின் பக்கம் இழுத்துச் செல்கிறது. எதிரியிடம் மதிப்பும் நண்பனிடம் அழிவும் கிடைக்கும் இந்த முரண், விளையாட்டின் இயல்பை நன்கறிந்தவர் எழுதியது என்று தோன்றுகிறது. களத்தில் நம்மை உற்று நோக்குபவன் எதிரியே. நண்பனோ சில வேளைகளில் நாம் கேட்க விரும்பியதை மட்டுமே சொல்கிறான்.

அடுத்தது மாரியம்மாள். துஷாரா விஜயன் ஏற்ற இவ்வேடம் வெற்றியின் பரிசாக வரவில்லை. இறுதிச் சண்டைக்கு நெடுநாள் முன்பே திருமணம் நடந்துவிடுகிறது. மணநாளிரவில் நாணித் தலைகுனிந்து நிற்காமல் தன் மகிழ்ச்சியை ஆடித் தீர்க்கிறாள் அவள். கணவனின் எண்ணமெல்லாம் சண்டையிலேயே கிடக்கும்போது, இந்த வீட்டில் தனக்கு என்ன இடம் என்று உரத்துக் கேட்கிறாள். கேட்ட சூட்டோடு, தனக்குப் பசிக்கிறது, ஊட்டிவிடு என்கிறாள். சினமும் பசியும் ஆசையும் ஒரே மூச்சில் வெளிப்படும் அக்காட்சி, நம் திரையுலகில் அரிதாகவே எழுதப்படும் அகத்துறை. களத்திற்குப் போகிறவனுக்கு வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதைப் பல படங்கள் சொன்னதுண்டு. காத்திருப்பவளுக்கும் பசி உண்டு என்பதை இப்படம் சொல்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். டான்சிங் ரோசுக்குக் கிடைத்த மதிப்பு வேம்புலிக்குக் கிடைக்கவில்லை. அவன் வெறும் ஆணவமாகவே நிறுத்தப்படுவதால் இறுதிச் சண்டையில் வேகம் இருக்கும் அளவுக்கு ஆழம் இல்லை. இதனினும் பெரிய குறை, பிற்பகுதியில் மாரியம்மாளின் குரல் தேய்ந்துபோவது. கபிலன் திருந்துவதற்கு அவளுடைய கண்ணீர் பயன்படுகிறது; அவளுடைய தீர்ப்பு நமக்குக் கேட்கவில்லை. நக்கண்ணையார் காட்டிய பெண் கடைசி வரை நின்று, வென்றவன் யார் என்று தானே சொன்னாள். மாரியம்மாளுக்கு அந்த இடத்தை வழங்கியிருந்தால் இப்படம் இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும்.

மும்பைத் தமிழராகிய நமக்கு இப்படம் நெருக்கமானதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் இது திரையரங்கிற்கு வராமல் இணையவழியே வெளிவந்தது. மகாராட்டிரத்தில் அரங்குகள் 2021 அக்டோபர் 22ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. தலைமுறை தலைமுறையாக மாட்டுங்காவின் அரோரா அரங்கில் தமிழ்ப் படம் கண்டு வந்த நாம் இதை வீட்டில் கண்டோம். தாராவியின் ஒற்றை அறையிலும் செம்பூர் அடுக்ககத்திலும் தாயும் மனைவியும் மகனும் ஒரே திரையின் முன் அமர்ந்திருந்தனர். அரங்கில் குத்துகளுக்குக் கைதட்டும் இளைஞன், இங்கே மாரியம்மாளின் கேள்வியைத் தன் வீட்டுப் பெண்களின் அருகிலிருந்தே கேட்க நேர்ந்தது. இது படத்தின் பொருளுக்கு மிகப் பொருந்திய அரங்கு என்றே சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. ‘நாயகன்’ (1987) வந்த நாள்முதல், திரையில் மும்பைத் தமிழன் என்றால் பெரும்பாலும் அடிதடித் தலைவனே. இரஞ்சித்தே தாராவியைக் களமாக்கி எடுத்த ‘காலா’ (2018) நில உரிமையைப் பேசியது. எனினும் அதன் நாயகனும் ஊர் அஞ்சும் ஒருவனே. தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்த நம் முன்னோரின் வாழ்வு, துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கபிலனின் வாழ்வுக்கே நெருங்கியது. களத்தில் வெல்லக்கூடிய கை, கூலிக்கு அடிக்கும் கையாக மாற எவ்வளவு சிறிய இடைவெளி போதும் என்பதைப் பாக்கியம் தன் கணவனை இழந்து அறிந்திருந்தாள். அவளுடைய அச்சம் நம் வீடுகளிலும் வாழ்ந்த அச்சந்தான். கதை வடசென்னையில் நிகழ்ந்தாலும், ‘தலைவர்’களின் கதைகளைவிட இப்படமே நம்மை உண்மையாகக் காட்டுகிறது.

தாராவிச் சந்துகளிலும் மாட்டுங்காவின் தட்கர் மைதானத்திலும் பந்தோடு திரியும் நம் பிள்ளைகளைக் களத்திற்குப் போகாதே என்று தடுத்துப் பயனில்லை. பாக்கியமும் இறுதியில் மகனைக் களத்திற்கு அனுப்பியவளே. எதிரியை மதிக்கவும், நண்பனை எடைபோடவும், வீட்டில் இருப்பவளின் பசியைக் கேட்கவும் கற்றவனே முழு வீரன் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். நம் நகரத்து மைதானங்களின் கதையை, நக்கண்ணையாரைப் போல் உள்ளும் புறமும் கண்டு எழுதும் ஒருவர் நம்மிடையே தோன்ற வேண்டும். அவர் ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் நன்று.