பழிவாங்கும் அப்பாக்கள்: மகளுக்கு எஞ்சுவது என்ன?

நித்திலன் சாமிநாதன் இயக்கத்தில் 2024 ஜூன் மாதம் வெளியான ‘மகாராஜா’வில், சலூன் கடை வைத்திருக்கும் ஒருவர் காதில் கட்டோடு காவல் நிலையத்துக்கு வருகிறார். வீடு புகுந்து தன்னை அடித்துப் போட்டுவிட்டு லட்சுமியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், கண்டுபிடித்துத் தர வேண்டும் என்கிறார். லட்சுமி யார் என்று விசாரித்தால், அது ஓர் இரும்புக் குப்பைத் தொட்டி. லாரி மோதி வீடு இடிந்து விழுந்தபோது குழந்தையின் மேல் கவிழ்ந்து அதன் உயிரைக் காப்பாற்றிய தொட்டி. போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், விரட்டுகிறார்கள், அடிக்கிறார்கள். அவர் நகர்வதில்லை. லட்சக்கணக்கில் பணம் தருகிறேன் என்றதும் நிலையத்தின் போக்கே மாறிவிடுகிறது. இப்போது தொட்டியைத் தேட ஆள் கிளம்புகிறார்கள்.

அரங்கில் நாமும் அந்தப் போலீஸ்காரர்களோடு சேர்ந்துதான் சிரிக்கிறோம். பிறகுதான் தெரிகிறது, திருடு போனது தொட்டி இல்லை. அந்த வீட்டில் அவருடைய மகள் ஜோதி பாலியல் வன்முறைக்கு ஆளாகி, மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள். தொட்டிப் புகார், குற்றவாளியை நெருங்க அப்பா தேர்ந்த வழி. கொஞ்ச நேரம் முன்பு சிரித்த சிரிப்பு நம் தொண்டையிலேயே நிற்கிறது.

மகளுக்கு நேர்ந்த கொடுமைக்காகத் தந்தை ஆயுதம் எடுக்கும் கதை உலக சினிமாவில் பலமுறை சொல்லப்பட்டது. தமிழிலும் அதற்கு நீண்ட வரிசை உண்டு. இவ்வகைப் படங்களை ‘வன்முறையைத் தூண்டுபவை’ என்று ஒரே வரியில் ஒதுக்குவதும், ‘ஒவ்வொரு அப்பாவின் மனசு’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கொண்டாடுவதும் எளிது. நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அப்பாவின் கணக்கு தீர்ந்த பிறகு, அந்தப் பெண்ணுக்கு இந்தப் படம் எதை விட்டுவைக்கிறது? இந்த ஒரு கேள்வியை வைத்தே இப்படங்களின் பலத்தையும் பழுதையும் எடை போடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பலம். இப்படங்கள் நம் ஊர்க் காவல் நிலையத்தின் வாசலை உள்ளபடி காட்டுகின்றன. புகார் கொடுக்க வருபவர் சாதாரண ஆள் என்றால் அவரை எப்படி உட்கார வைப்பார்கள், எத்தனை முறை ஒரே கதையைச் சொல்ல வைப்பார்கள், காசு கைமாறியதும் குரல் எப்படிக் கனியும் என்பதெல்லாம் ‘மகாராஜா’வில் அச்சு அசலாக இருக்கின்றன. 2012இல் வந்த போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்கிறது. விசாரணையைக் கூடியவரை ஓராண்டுக்குள் முடிக்கச் சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு அந்த வாசலின் பயம் புரிந்திருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்துக்கும் நிலையத்தின் மரப் பெஞ்சுக்கும் இடையே உள்ள தூரத்தை அன்றாடம் அனுபவிப்பவர்கள் மக்கள். தன் மகளுக்கு நடந்ததைச் சொல்லத் துணியாமல் ஒரு தந்தை குப்பைத் தொட்டியின் பெயரைச் சொல்கிறார் என்றால், அந்த மனிதரின் தந்திரம் மட்டுமல்ல, அந்த இடத்தின் மீதான மக்களின் அவநம்பிக்கையும் அதில் இருக்கிறது.

இரண்டாவது பலம், துக்கத்துக்கு அவை கொடுக்கும் உடல். ‘மகாராஜா’வில் மகாராஜா என்ற அந்தத் தந்தையாக நடித்த விஜய் சேதுபதி அழுது புலம்புவதில்லை. ஒரே சொற்களை ஒரே தொனியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பேரிழப்பைக் கண்ட மனிதர்கள் இப்படித்தான் ஒரு சிறு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். அந்தப் பிடிவாதத்துக்கு இன்னோர் அடி ஆழமும் உண்டென்று படம் கடைசியில் சொல்கிறது. லாரி விபத்தில் மகாராஜாவின் மனைவியோடு அவர் பெற்ற மகளும் இறந்துவிட்டாள். தொட்டிக்கடியில் பிழைத்தது இன்னொருவனின் குழந்தை. அதையே தன் மகளாக வளர்த்திருக்கிறார். பெற்ற பிள்ளைக்காக அவர் அழுத அழுகையை நாம் ஒருநாளும் பார்க்கவில்லை. அது முழுவதும் வளர்த்த பிள்ளையின் மீது அன்பாக இறங்கியிருக்கிறது. அப்பா என்பது ரத்தத்தால் வருவதில்லை, வளர்ப்பதால் வருவது என்பதை எந்த வசனமும் இல்லாமல் ஒரு வணிகப் படம் சொல்லிவிட்டது பெரிய காரியம்.

பழுதும் இங்கேதான் தொடங்குகிறது. அந்த இன்னொருவன் செல்வம். அனுராக் காஷ்யப் நடித்த கொள்ளைக்காரன். மகாராஜாதான் தன்னைக் காட்டிக் கொடுத்தார் என்று தவறாக நினைத்து, சிறையிலிருந்து வந்ததும் வஞ்சம் தீர்க்க அவர் வீட்டுக்குள் புகுகிறான். அவன் கூட்டம் சீரழித்த பெண், அவன் பெற்ற மகள். இதைக் கடைசி நிமிடங்களில் அவிழ்க்கும் விதத்தில் திரைக்கதையின் கைத்திறன் மறுக்க முடியாதது. கால வரிசையைக் கலைத்துப் போட்டு, வெவ்வேறு ஆண்டுகளில் நடப்பவற்றை ஒரே நேரத்தில் நடப்பதுபோல் நம்ப வைத்து, கடைசியில் முடிச்சை இழுக்கிறார் நித்திலன்.

ஆனால் அந்த முடிச்சு எதைக் கொண்டு போடப்பட்டது? ஒரு பெண்ணின் மீது நடந்த வன்முறையைக் கொண்டு. அதை மறைத்து வைத்தால்தான் திருப்பம் வேலை செய்யும் என்பதால், ஜோதி படத்தின் பெரும்பகுதியில் காணாமல் போகிறாள். அவளுக்கு நடந்தது அவளுடைய அனுபவமாக நம்மை வந்து சேர்வதற்கு முன், பார்வையாளனை அதிர வைக்கும் தகவலாக வந்து சேர்கிறது. அதைவிடக் கவலை தருவது அந்தத் தண்டனையின் அமைப்பு. செல்வத்துக்குக் கிடைக்கும் மிகப் பெரிய தண்டனை, நாசமாக்கப்பட்டவள் தன் மகள் என்று அறிவது. தகப்பன் செய்த பாவம் பிள்ளை தலையில் விடியும் என்ற பழைய நம்பிக்கைக்கு இது நவீனத் திரைக்கதையின் பூச்சு. பாவம் அவனுடையது, அதைச் சுமந்த உடம்பு அவளுடையது. அடுத்தவன் மகளாக இருந்தவரை அவனுக்கு உறைக்கவில்லை, தன் மகள் என்றதும் நொறுங்கிப் போகிறான். அவனுடைய அந்தக் கீழ்மையைப் படம் கண்டிக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். இருந்தும், ‘உனக்கும் ஒரு மகள் இருந்தால் தெரியும்’ என்ற வாதத்தின் மேல்தான் உச்சக்காட்சி முழுவதும் நிற்கிறது. ஒரு பெண்ணுக்கு நடந்தது கொடுமை என்று உணர, அவள் யாருடைய மகள் என்று கேட்க வேண்டியிருக்கும் வரை நாம் எங்கும் முன்னேறவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்த ‘மகாநதி’யை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1994 பொங்கலுக்கு வந்த படம். சந்தானபாரதி இயக்கம், கமல்ஹாசனின் கதை. திருநாகேஸ்வரத்தில் நிலபுலனோடு இருந்த கிருஷ்ணசாமி, சீட்டுக் கம்பெனி மோசடியில் சிக்கிச் சிறைக்குப் போகிறான். வெளியே வரும்போது குடும்பம் சிதறிக் கிடக்கிறது. மகள் காவேரியைக் கல்கத்தாவின் சோனாகாச்சியில், ஒரு பாலியல் தொழில் விடுதியில் கண்டுபிடிக்கிறான். பழிவாங்கல் இதிலும் உண்டு. ஆனால் படத்தின் பெரும்பகுதி தேடலுக்கும் மீட்புக்கும் போகிறது. மீட்டு வந்த பிறகு ஓர் இரவுக் காட்சி. தூக்கத்தில் காவேரி வாய் பிதற்றுகிறாள், அந்த விடுதியில் வாடிக்கையாளர்களிடம் பேசியதை அப்படியே. விழித்திருந்து கேட்கும் தந்தை உடைந்து போகிறான். அவளுக்கு நேர்ந்த எதையும் காட்டாமலே, அவள் வாயிலிருந்து விழும் சில சொற்களில் அத்தனையையும் கொண்டுவந்துவிடுகிறது அந்தக் காட்சி. வலி அவளிடமே இருக்கிறது, அப்பா கேட்பவராக மட்டும் இருக்கிறார். கொலைகளுக்கான தண்டனையை அனுபவித்துவிட்டு கிருஷ்ணசாமி திரும்பும்போது காவேரி மணமாகித் தாயாகியிருக்கிறாள். அவளுக்கு ஒரு வாழ்க்கை மிச்சம் இருக்க வேண்டும் என்று அந்தப் படம் பிடிவாதமாக இருந்தது. கொன்றவன் சிறைக்குப் போக வேண்டும் என்பதிலும் அது நேர்மையாக இருந்தது.

கையில் படிந்த ரத்தத்தைப் பற்றி யோசித்த படம் என்றால் இங்மார் பெர்க்மனின் ‘தி விர்ஜின் ஸ்பிரிங்’கைச் சொல்ல வேண்டும். 1960இல் வந்த சுவீடன் படம், அந்நாட்டின் பழைய கதைப்பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. தேவாலயத்துக்குப் புறப்பட்ட மகளைக் காட்டில் சிதைத்துக் கொன்றவர்கள், தெரியாமல் அவள் வீட்டிலேயே இரவு தங்குகிறார்கள். அவளுடைய உடையை அவள் தாயிடமே விற்கப் பார்க்கிறார்கள். மேக்ஸ் வான் சிடோ நடித்த தந்தை விடியற்காலையில் அவர்களைக் கொல்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுவனும் இருக்கிறான். குற்றத்தைப் பார்த்தவன், செய்தவன் இல்லை. பயந்துபோய் அந்த வீட்டுத் தாயிடமே ஓடி ஒதுங்குகிறான். தந்தை அவனையும் விடவில்லை, தூக்கிச் சுவரில் அறைகிறார். பிறகு தன் கைகளைப் பார்க்கிறார். மகளின் உடல் கிடக்கும் இடத்தில் மண்டியிட்டு, இதே கைகளால் இங்கே ஒரு தேவாலயம் கட்டுவேன் என்கிறார். பழிவாங்கலின் கோபத்துக்கு எங்கே நிற்பதென்று தெரியாது என்பதை அந்தச் சிறுவனின் சாவு சொல்கிறது.

நம் படங்களில் அந்தச் சிறுவன் இருப்பதே இல்லை. கொல்லப்படுகிறவர்கள் அனைவரும் சந்தேகத்துக்கு இடமில்லாத கொடியவர்கள். ‘மகாராஜா’வில் உண்மை தெரிந்ததும் போலீஸ்காரர்களே குற்றவாளிகளில் ஒருவனை மகாராஜாவின் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். அரங்கம் கைதட்டுகிறது. லஞ்சம் வாங்கியபோது நம்பத் தகாதவர்களாக இருந்த அதே ஆட்கள், சட்டத்தை மீறிக் கொலைக்கு உதவும்போது நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள். திரைக்கதைக்கு இது வசதி. நாட்டுக்கு இது ஆபத்து. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் கைதான நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, மக்கள் அந்தப் போலீஸ்காரர்கள் மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் அறிக்கை தந்தது. கொல்லும் நோக்கத்தோடு சுட்டிருக்கிறார்கள், போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை என்றது. இறந்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. பெர்க்மன் காட்டிய சிறுவன் நிஜத்தில் இருக்கிறான். வழக்கு விசாரணை என்ற ஒன்று இருந்தால்தான் அவன் நம் கண்ணுக்குத் தெரிவான்.

இன்னொரு பெரிய பொய்யும் இவ்வகைப் படங்களில் உண்டு. குற்றவாளி எப்போதும் வெளியிலிருந்து வருகிறான், கதவை உடைத்துக்கொண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்வது வேறு. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். அரிவாளோடு வாசலில் காவல் நிற்கும் அப்பாவால் இங்கே எதுவும் செய்ய முடியாது. ஆபத்து அவருக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. சில வீடுகளில் அவரேதான் ஆபத்து.

இந்த இடத்தைத் துணிந்து தொட்ட படம் கௌதம் ராமச்சந்திரனின் ‘கார்கி’ (2022). இத்தகைய வழக்கொன்றில் குற்றம் சாட்டப்பட்ட தந்தையை மீட்க ஓடும் மகளாக சாய் பல்லவி. உண்மை தெரிந்ததும் அவள் எடுக்கும் முடிவு, எந்தக் கதாநாயகன் தூக்கிய அரிவாளையும் விடக் கனமானது. அடுத்த ஆண்டில் வந்த, சு. அருண்குமார் இயக்கிய ‘சித்தா’வில், பழனியில் அண்ணன் மகளுக்காகத் துடிக்கும் சித்தார்த்தின் பாத்திரம் குற்றவாளியைக் கொன்றே தீருவேன் என்று கொதிக்கிறது. அவனைத் தடுத்து நிறுத்துபவள், தானும் இதே கொடுமையைக் கடந்து வந்த சக்தி. நீ கொன்றுவிட்டு உள்ளே போனால் இந்தக் குழந்தையை யார் பார்ப்பது, அவளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தாயா என்பதுதான் அவள் கோபத்தின் சாரம். பழிவாங்கும் அப்பாக்களிடம் தமிழ் சினிமா வெகுகாலம் கேட்காமல் விட்ட கேள்வி அது. அதைக் கேட்டது, அனுபவித்த ஒரு பெண்.

‘மகாராஜா’வுக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால், அந்தப் படமும் ஒரு கணம் இந்தக் கேள்வியைத் தொடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். படுக்கையில் கிடக்கும் ஜோதி, தனக்கு இதைச் செய்தவனை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாள். கடைசியில் செல்வத்தின் முன் நிமிர்ந்து நின்று பேசுகிறாள். தான் உடைந்துவிடவில்லை என்று அவனிடம் சொல்ல அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. படத்தின் ஆகச் சிறந்த யோசனை இதுதான். அதைக் கடைசிச் சில நிமிடங்களுக்கு ஒதுக்கி, அடுத்த கணமே கேமராவைச் செல்வத்தின் அதிர்ச்சிக்குத் திருப்பிவிட்டதுதான் வருத்தம். அவளுடைய வார்த்தைகள் அவளுக்காக நிலைப்பதற்குள் அவனுடைய தண்டனையாகிவிடுகின்றன.

நம் மரபில் நீதி கேட்டவர்களில் முதலில் நினைவுக்கு வருபவள் கண்ணகி. மதுரையை எரித்ததைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முன் அவள் அரசவைக்குப் போனாள், வழக்கு உரைத்தாள், சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள், தவறு தன்னுடையது என்று அரசனையே ஒப்புக்கொள்ள வைத்தாள். இழந்தவளே தன் வாயால் பேசினாள், அவளுக்காக வேறொருவர் வாள் எடுக்கவில்லை. நம் பழிவாங்கும் படங்கள் நெருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வழக்குரைத்த பகுதியை விட்டுவிட்டன.

தந்தையின் கோபத்தைச் சினிமா சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோபம் உண்மையானது, அதற்கான காரணங்களை நம் நிறுவனங்கள் தினமும் உற்பத்தி செய்கின்றன. அதைச் சொல்லும் திறமையும் நம் இயக்குநர்களிடம் நிறைய இருக்கிறது. நான் எதிர்பார்ப்பது, அந்தத் திறமையில் பாதியாவது மகளின் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான். அவள் மறுபடி பள்ளிக்குப் போவதை, சாட்சிக் கூண்டில் ஏறுவதை, சிரிப்பதை, கோபப்படுவதை, அப்பாவிடமே முரண்டு பிடிப்பதை எழுத வேண்டும். அப்படி எழுதிய படங்களுக்கும் இங்கே பார்வையாளர்கள் வந்தார்கள் என்பதைக் ‘கார்கி’யும் ‘சித்தா’வும் காட்டிவிட்டன. அடுத்து ஒரு தந்தையின் கதையைக் கையில் எடுப்பவர், எழுத உட்காரும் முன் அந்த மகளுக்கு எத்தனை காட்சிகள், அதில் அவள் பேசுவது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கட்டும்.