எண்ணெய்க்குப் பதில் விறகு: ஒரு நார்வே நூலும் நாம் போட வேண்டிய கணக்கும்

நார்வே நாட்டின் உட்பகுதிகளில் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 30 டிகிரி வரை இறங்குவதுண்டு. கணப்பு இல்லாத வீட்டில் அங்கே மனிதர் வாழ இயலாது. அந்நாட்டு எழுத்தாளர் லார்ஸ் மிட்டிங், விறகைப் பற்றியே 2011-இல் ஒரு முழு நூல் எழுதினார். ‘ஹெல் வேட்’ என்னும் அந்நூல் 2015-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அதன் தூண்டுதலால் 2013 பிப்ரவரியில் நார்வே தொலைக்காட்சி 12 மணி நேர விறகு நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. விறகை அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று பார்வையாளர்கள் வாதிட்டார்கள்!

நூலின் சிறப்பு, உலர்த்தலுக்கு அது தரும் முக்கியத்துவம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீரே. பட்டை ஈரத்தை வெளியே விடாது. ஆகவே கட்டையைப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, கோடை முழுவதும் காயவிட வேண்டும். இதன் காரணத்தை எண்ணிப் பாருங்கள். விறகு எரியும்போது சுவாலையாகத் தெரிவது கட்டையன்று. சூட்டினால் கட்டையிலிருந்து கிளம்பும் வாயுக்களே. ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. அடுப்பு போதிய சூடேறுவதில்லை. வாயுக்கள் முழுமையாக எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. புகைபோக்கியில் தாராகப் படிந்து, பின்னர் தீப்பிடிக்கவும் கூடும். இரவு முழுவதும் தணல் நிற்கட்டும் என்று காற்றை அடைத்துவிட்டாலும் இதே தீங்குதான்.

இனி, எண்ணெயை விட்டு முழுவதும் விறகுக்கே மாறும் ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். ஒரு லிட்டர் கணப்பு எண்ணெயில் சுமார் 10 யூனிட் வெப்பம் உண்டு. நம் மின்கட்டணக் கணக்கில் வருகின்ற அதே யூனிட்தான். நன்கு உலர்ந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 4 யூனிட். ஆண்டுக்கு 2,000 லிட்டர் எண்ணெய் எரித்த வீட்டுக்கு 5 டன் உலர்ந்த விறகு வேண்டும். இரண்டு அடுப்புகளும் ஒரே திறனுடையவை என்று கொண்டால்தான் இந்தக் கணக்கு. பச்சை மரமாக அது 8 டன்! வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது, சுமப்பது, சாம்பல் அள்ளுவது என ஆண்டுதோறும் இந்த உழைப்பு தொடரும். நூல் இவ்வுழைப்பை இன்பமாகக் காட்டுகிறது. உடல் வலிமையும் முற்றமும் உள்ளவருக்கு அது இன்பமே. நகரத்து மாடி வீட்டில் வசிப்பவருக்கும் நோயாளிக்கும் அப்படியன்று.

நூல் மீது நாம் சொல்லும் பெரிய குறை வேறு. புதிய அடுப்புகளின் மேன்மையை அது விளக்குகிறது. ஆனால் பக்கத்து வீட்டார் சுவாசிக்கும் புகைக்கு அது தரும் எடை குறைவு. விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்பவை. நார்வேயில் 1998 முதல் குறைவாகப் புகையும் வகை அடுப்புகளையே புதிதாகப் பொருத்தலாம். பெர்கன் நகரமோ பழைய வகை அடுப்புகளை எரிப்பதையே 2021 முதல் தடை செய்தது.

கரியமில வாயுவின் கணக்கும் எளிதன்று. ஒரு யூனிட் வெப்பத்துக்கு எண்ணெய் சுமார் 270 கிராம் வெளியிடுகிறது; விறகோ சுமார் 400 கிராம். புதிய மரம் வளர்ந்து அதைத் திரும்ப உறிஞ்சும் என்பது உண்மையே. ஆனால் விறகு எரிவது ஒரு மாலைப் பொழுதில். மரம் வளர்வதோ பல பத்தாண்டுகளில். வெட்டுவதைவிட வளர்வது மிகுதியாக இருக்கும் காட்டில்தான் விறகு நல்ல எரிபொருள். நார்வேயின் காடுகள் அத்தகையவை. எல்லா நாட்டுக் காடுகளும் அப்படியல்ல.

2020 ஜனவரி முதல் நார்வே, கட்டடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதைத் தடை செய்தது. வட கடலில் எண்ணெய் எடுத்து விற்கும் நாடு அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆனால் எண்ணெயின் இடத்தை அங்கே விறகு மட்டும் நிரப்பவில்லை. பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது நீர்மின்சாரம். கடுங்குளிரிலும் மின்சாரம் நின்றபோதும் கைகொடுப்பது விறகு. விறகின் சரியான இடம் அதுவே என்பது நம் கருத்து. விறகை எப்படி உலர்த்துவது, எப்படி எரிப்பது என்று அறிய இந்நூலைப் படியுங்கள். விறகை மட்டுமே நம்பலாமா என்ற கேள்விக்கு, காகிதமும் பென்சிலும் எடுத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.