அறிவியல் பயிற்சி ஆசிரியரின் சிந்தனை மீட்சியும் சிக்கல் தீர்வும்: ஒரு மதிப்பீடு

ஆசிரியர் கல்வியில் பெரிதும் வழங்கும் சொற்களுள் 'சிந்தனை மீட்சி' ஒன்றாகும். மலேசியாவில் பயிற்றுப்பணிக்குச் செல்லும் பயிற்சி ஆசிரியர், நாள் பாடத்திட்டத்தின் இறுதியில் இதற்கென ஒதுக்கப்பட்ட பகுதியை நிரப்புகின்றார். மாணவருள் இத்தனை பேர் பாட நோக்கத்தை அடைந்தனர். எஞ்சியோருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்படும் என்னும் வாய்பாடு அங்கே திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றது. இது பதிவேயன்றிச் சிந்தனை அன்று என்பது நம் கருத்து.

ஜான் டூயி 1910இல் சிந்தனையின் படிநிலைகளை ஐந்தாக வகுத்தார். இடர்ப்பாட்டை உணர்தல், அதனை வரையறுத்தல், தீர்வொன்றைக் கருதுதல், அதன் விளைவுகளை ஏரணவழி ஆராய்தல், உற்றுநோக்கியும் சோதித்தும் ஏற்றல் அல்லது தள்ளுதல் என்பன அவை. ஜார்ஜ் போல்யா 1945இல் கணிதச் சிக்கல் தீர்வுக்குக் கூறிய நான்கு படிகளுள் இறுதியானது திரும்பிப் பார்த்தல். ஆக, சிந்தனை மீட்சி சிக்கலில் தொடங்குகின்றது. சிக்கல் தீர்வு சிந்தனை மீட்சியில் நிறைவுறுகின்றது. கருதுகோளையும் மாறிகளையும் மாணவருக்குக் கற்பிக்கும் அறிவியல் ஆசிரியர், தம் பாடத்தை மட்டும் அவ்வாறு ஆராயாதிருப்பது முரணன்றோ?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நீர்த்தட்டில் எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடினால், சுடர் அணைந்து நீர் உயரும். எரிந்து தீர்ந்த உயிர்வளியின் இடத்தை நீர் நிரப்பியது என்பதே வகுப்பில் பலகாலும் கூறப்படும் விளக்கம். மெழுகுவர்த்திகளைக் கூட்டினால் நீர் மேலும் உயர்வதேன் என ஒரு மாணவர் வினவுவதாகக் கொள்வோம். குவளையின் கொள்ளளவு மாறவில்லை. எனவே, அவ்விளக்கம் தளர்கின்றது. வெப்பத்தால் விரிந்த காற்றின் ஒரு பகுதி வெளியேறுவதும், எஞ்சியது குளிர்ந்து அழுத்தம் குறைவதுமே நீர் உயர்வதற்குரிய முதன்மைக் காரணங்கள். அன்றைய சிந்தனை மீட்சியில் இவ்வினா இடம்பெறாது, நோக்கம் எய்திய மாணவர் எண்ணிக்கை மட்டும் இடம்பெறுமாயின், கற்றலுக்குரிய தருணம் இழக்கப்படுகின்றது.

இவ்விரு திறன்களையும் தன்மதிப்பீட்டு வினாநிரல்களால் அளந்து, அவற்றிடையே ஒட்டுறவு காணும் ஆய்வுமுறையும் மறுபரிசீலனைக்குரியது. இரண்டையும் நிரப்புபவர் ஒருவரே. ஆதலால், அவர்தம் தன்னம்பிக்கையே இருமுறை அளக்கப்பட்டுத் தொடர்பாகத் தோன்றக்கூடும். எதிர்பாராத வகுப்பறைச் சிக்கலொன்றை அளித்து, அதனை அவர் எதிர்கொள்ளும் பாங்கை ஆராய்தலே பொருத்தமுடையது.

பயிற்சி ஆசிரியரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. மேற்பார்வையாளர் புள்ளியிடும் தாளில் தம் குழப்பத்தை எழுத எவரும் தயங்குவர். பணிச்சுமையிடையே விரிவாக எழுத இயலாதென்பதும் ஏற்கத்தக்கதே. எனவே, புள்ளியிடப்படாத மூன்று வரிகள் போதும்: இன்று எதிர்பாராதது யாது? அதற்குரிய காரணமாக நான் கருதுவது யாது? நாளை அதனை எவ்வாறு சோதிப்பேன்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் பயிற்சி ஆசிரியரிடத்தில் சிந்தனை மீட்சியும் சிக்கல் தீர்வும் ஒன்றாகவே வளரும்.