மூன்றில் ஒரு பங்கு 'ஏஷியன்'

விக்கிப்பீடியாவில் அமெரிக்கச் சிற்றூர் எதைத் திறந்தாலும் ஒரே அச்சில் வார்த்த ஒரு வாக்கியம் வரும். ஊரின் இனக் கலவை இவ்வளவு சதவீதம் வெள்ளையர், இவ்வளவு கறுப்பர், இவ்வளவு ஏஷியன், இவ்வளவு 'மற்ற இனம்'. எல்லாம் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு. கடைசியில், ஹிஸ்பானிக்குகள் எந்த இனத்தவராகவும் இருக்கலாம் அப்படீன்னு ஒரு வால்.

இதை யாரும் ஊர் ஊராக உட்கார்ந்து எழுதவில்லை. 2002 அக்டோபரில் டெரெக் ராம்சே என்ற பயனர், ராம்பாட் என்ற நிரலை ஓடவிட்டு 2000 சென்சஸ் அட்டவணைகளிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்க் கட்டுரைகளை உருவாக்கினார். நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் முதலில் எனக்கு அதன் மேல் மரியாதைதான் வந்தது. ஒரு டெம்ப்ளேட், ஒரு லூப், முடிந்தது வேலை. பிறகு ஒரு குறிப்பிட்ட ஊரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததும் அந்த வாக்கியத்தின் மேல் எரிச்சல் வர ஆரம்பித்தது.

ஊர் பேயூ லா பாத்ரே. அலபாமா மாநிலத்தின் தென்கோடி, மொபீல் நகரத்துக்குத் தெற்கே மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய மீன்பிடி ஊர். 'ஃபாரஸ்ட் கம்ப்' படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். இறால் புராணம் பாடும் பப்பாவின் சொந்த ஊர் இதுதான். 2000-இல் மக்கள்தொகை 2,313. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 'ஏஷியன்'.

முதலில் அந்த இரண்டு தசம இலக்கத்தைப் பாருங்கள். 2,313 பேர் உள்ள ஊரில் 0.01 சதவீதம் என்றால் கால் ஆள். ஒரு முழு மனிதர் 0.04 சதவீதம். ஆக, மனிதரை நாலு துண்டாக வெட்டி அளக்கும் துல்லியம் இது. இன்னொரு வேடிக்கை, 2020 சென்சஸில் தனிநபர் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்று சிறிய பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே 'நாய்ஸ்' கலந்துதான் வெளியிட்டார்கள். டிஃபரன்ஷியல் பிரைவசி. சரியான யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கலங்கலான தண்ணீரை இன்னமும் இரண்டு தசமத்தில் அளந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இது சின்னக் குறை. பெரிய குறை, அந்த 'ஏஷியன்' என்ற சொல்.

1975-இல் சைகோன் விழுந்த பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றிலிருந்தும் அகதிகள் வளைகுடாக் கரைக்கு வந்தார்கள். பேயூ லா பாத்ரேயில் நண்டுச் சதை எடுக்கவும் சிப்பி உடைக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். எடைக்குக் கூலி, ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பெண்கள் மேஜையில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் படகில் ஏறினார்கள், சிலர் மெல்ல மெல்லச் சொந்தமாக விசைப்படகு வாங்கினார்கள். வியட்நாமியரில் நிறையப் பேர் கத்தோலிக்கர். ஊரில் 1949-லிருந்து புனித மார்கரெட் தேவாலயத்தில் படகுகளுக்கு ஆசி வழங்கும் திருவிழா நடக்கிறது. அந்தக் கத்தோலிக்கம் பிரெஞ்சுக் குடியேறிகள் விட்டுப்போனது. வந்தவர்களுக்கு அங்கே ஒரு வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. கம்போடியர்களும் லாவோஸ்காரர்களும் பெரும்பாலும் பௌத்தர்கள். அவர்களுக்கு அப்படித் தயாராக எதுவும் இல்லை, சுற்றுவட்டாரத்தில் விகாரைகளைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

மொழியும் வேறு, எழுத்தும் வேறு. வியட்நாம் மொழி ரோமன் எழுத்தில் மேலும் கீழும் குறிகளோடு எழுதப்படுவது. கெமர் எழுத்து நம்ம பல்லவ கிரந்தத்தின் வழி வந்தது, லாவோ எழுத்தும் அதே வம்சம்தான். வியட்நாமிய மொழியில் ஒட்டிய அறிவிப்பைக் கம்போடியப் பாட்டியால் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாது. ராம்பாட் வாக்கியத்தில் இவர்கள் மூவரும் ஒரு எண்.

'வெள்ளையர்' என்ற பக்கத்து எண்ணும் அப்படித்தான். 1786-இல் ஸ்பானிய அரசு ஜோசப் பூசாஜ் என்ற பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்த நிலத்தில் தொடங்கிய ஊர் இது. அந்தப் பெயர் பொசார்ஜ் என்று திரிந்து இன்றும் அங்கே குடும்பப் பெயராக உலவுகிறது. ஊர்ப் பெயரில் உள்ள 'பேயூ' சோக்டா பூர்வகுடி மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். 'பாத்ரே' என்பது பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த பீரங்கி மேடை. பெயர்ப் பலகையில் இருக்கும் கலவை சதவீதத்தில் இல்லை.

சினிமா என்ன செய்தது என்பதும் சுவாரசியம். வின்ஸ்டன் க்ரூம் 1986-இல் எழுதிய நாவலில் பப்பா வெள்ளையர். 1994 படத்தில் கறுப்பர். படத்தில் ஃபாரஸ்ட் வியட்நாமுக்குப் போய்விட்டு வந்து இந்த ஊரில் இறால் படகு வாங்குகிறான். நிஜத்தில் வியட்நாமே கிளம்பி இந்த ஊருக்கு வந்து இறால் படகு வாங்கியது. படம் வெளிவந்தபோது அவர்கள் அந்தத் துறையில் பதினைந்து வருஷத்துக்கு மேலாக வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் இறால் காட்சிகள் 1974 புயலையொட்டி வருபவை, அகதிகள் அதற்குப் பிறகு வந்தவர்கள் என்று யாராவது வாதாடலாம். நியாயம்தான். அந்தக் காட்சிகளை எடுத்ததே தென் கரோலினாவில். இருந்தாலும் படம் முடியும் கட்டம் எண்பதுகளுக்கு வந்துவிடுகிறது. அங்கே ஆசிய முகம் என்று நினைவில் நிற்பது லெப்டினன்ட் டானின் வருங்கால மனைவி மட்டும். அவருக்கும் பேச வசனம் பெரிதாகக் கிடையாது.

2011-இல் அட்லாண்டாவில் ஆன்சைட் இருந்தபோது டாஃபின் தீவுக்குக் குடும்பத்தோடு போகிற வழியில் இந்த ஊரில் இறால் வாங்க நிறுத்தினேன். எடை போட்ட அம்மா என்னைப் பார்த்து, "இந்தியாவா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி, "நீங்கள் வியட்நாமா?" என்றேன். "கம்போடியா" என்றார். கோபம் இல்லை. தினமும் நாலு பேர் கேட்பார்கள் போலிருக்கிறது. என் மனைவி காரில் வந்து, "உன்னை யாராவது பாகிஸ்தானான்னு கேட்டா மட்டும் முகம் போற போக்கைப் பார்க்கணுமே" என்றாள்.

எரிச்சல் வெறும் அழகியல் எரிச்சல் இல்லை என்று புரிந்தது 2010 எண்ணெய்க் கசிவைப் பற்றிப் படித்தபோதுதான். அந்த ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்தது, 11 பேர் இறந்தார்கள். உச்சத்தில் வளைகுடாவின் கூட்டாட்சிக் கடற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீன்பிடிக்கத் தடை. 2005-இல் கத்ரீனா இந்த ஊரின் படகுகளைத் தூக்கிக் காட்டுக்குள் போட்டு ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. இழப்பீடு கேட்க விண்ணப்பம், வருமானச் சான்று, விளக்கக் கூட்டம். படகு வைத்திருப்பவருக்கு ஏதோ கணக்கு இருக்கும். எடைக்குக் கூலி வாங்கி நண்டு உரித்த அம்மாவிடம் என்ன காகிதம் இருக்கும்? அவருக்கு எந்த மொழியில் சொல்லுவது? ஊரில் மூன்றில் ஒரு பங்கு 'ஏஷியன்' என்று மட்டும் தெரிந்த அதிகாரி ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

சென்சஸ் துறையைத் திட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்களிடம் விவரம் இருந்தது. படிவத்திலேயே இந்தியர், சீனர், பிலிப்பினோ, ஜப்பானியர், கொரியர், வியட்நாமியர் என்று தனித்தனிப் பெட்டிகள். மற்றவர்கள் கையால் எழுதலாம். கம்போடியரும் லாவோஸ்காரரும் அந்த 'மற்றவர்'. 2000-இல் ஆறில் ஒரு வீட்டுக்குப் போன நீளப் படிவத்தில் வீட்டு மொழி என்ன, பூர்வீகம் என்ன என்ற கேள்விகளும் இருந்தன. ராம்பாட் கட்டுரைகளில் வரும் வருமானம், வறுமைக் கணக்கு எல்லாம் அதே நீளப் படிவத்திலிருந்து வந்தவைதான். அதாவது நிரல் அந்த அலமாரி வரைக்கும் போயிருக்கிறது, வருமானத்தை எடுத்திருக்கிறது, பக்கத்துத் தட்டிலிருந்த மொழியை விட்டுவிட்டு வந்திருக்கிறது. முப்பதாயிரம் ஊருக்கும் ஒரே வாக்கியம் பொருந்த வேண்டுமானால் அப்படித்தான் செய்தாக வேண்டும். வெள்ளையர் 98 சதவீதம் இருக்கும் ஊரில் அந்த வாக்கியம் யாரையும் உறுத்தாது. பேயூ லா பாத்ரே மாதிரி ஊரில்தான் அது தடுக்கி விழுகிறது.

பெட்டிகளும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. 1920 முதல் 1940 வரை அமெரிக்க சென்சஸில் 'இந்து' என்பது ஒரு இனம். முஸ்லிமாக இருந்தாலும் சீக்கியராக இருந்தாலும் இந்தியர் என்றால் இந்து. 1970-இல் நம்மவர்களை வெள்ளையராக எண்ணினார்கள். 1980-இல்தான் இந்தியருக்குத் தனிப் பெட்டி வந்தது. வியட்நாமியருக்கும் அதே 1980-இல். ஒரே படிவத்தில் பெட்டி வாங்கியவர்கள் நாம். அந்தக் கம்போடிய அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் ஒரு மருத்துவமனைப் பதிவு மென்பொருளில் 'தாய்மொழி' என்று ஒரு புலம் இருந்தது. பாதிப் பேர் நிரப்புவதில்லை, நிரப்பினவர்களும் ஒவ்வொரு ஸ்பெல்லிங்கில். ரிப்போர்ட் அசிங்கமாக வந்தது. டிராப்டவுனில் ஆறு மொழி வைத்து, ஏழாவதாக 'மற்றவை' போட்டேன். சவுராஷ்டிரம், படுக மொழி, நேபாளி எல்லாம் ஒரே இரவில் 'மற்றவை' ஆனது. பழைய பதிவுகளை மாற்றிய ஸ்கிரிப்ட்டையும் நான்தான் எழுதினேன். பதினோரு வரி. ரிவ்யூவில், நல்லா சுத்தமா இருக்கு என்று பாராட்டினார்கள். பழைய பேக்கப்பை ஆறு மாதத்தில் அழித்துவிட்டார்கள். அந்த மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நண்பன் போன வாரம் சொன்னான். ஏழு மொழிதான் இன்னமும்.