முருங்கை மரத்தடியில் தொடங்கிய வாசிப்பு

எந்தப் புத்தக விழா மேடையில் சிறார் இலக்கியப் பேச்சு எழுந்தாலும் ஒரு வாக்கியம் தப்பாமல் வந்துவிடுகிறது: பிள்ளைகளுக்குப் பேய்க்கதை ஆகாது. மூடநம்பிக்கை வளரும் என்கிறது முற்போக்கு முகாம். பிஞ்சு மனம் வாடும் என்கிறார்கள் மனநல ஆலோசகர்கள். நூலக ஆணை கிடைக்காது என்று முணுமுணுக்கிறார் பதிப்பாளர். இந்த மூன்று தரப்பும் வேறெதிலும் இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அதே மேடையில் அதே ஆட்கள், ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்’ என்று அங்கலாய்க்கவும் செய்கிறார்கள். முதல் பேச்சுக்கும் இரண்டாவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது என் கட்சி.

பழைய இலக்கியத்துக்கு இந்தக் கூச்சம் கிடையாது. காரைக்கால் அம்மையார் தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டவர். செயங்கொண்டார் போர்க்களத்தில் பேய்களைக் கூட்டிக் கூழ் காய்ச்ச வைத்தார். பழையனூர் நீலியை நாட்டார் கதையும் விடவில்லை, சமணக் காப்பியமும் விடவில்லை. மணிமேகலையில் சார்ங்கலன் என்ற சிறுவன் வழிதவறிச் சுடுகாட்டுக்குள் போகிறான். பிணத்தின் தலையை ஏந்தி ஆடும் பேயைக் கண்டு ஓடிவந்து, தாயிடம் சொல்லிவிட்டு உயிர் விடுகிறான். ‘பார்த்தீர்களா, பயம் பிள்ளையைக் கொன்றுவிட்டது’ என்று இன்றைய ஆலோசகர் இங்கே புத்தகத்தை மூடிவிடுவார். சாத்தனார் மூடவில்லை. தாய் கோதமை தெய்வத்தை வழிமறித்து நியாயம் கேட்கிறாள். போன உயிர் திரும்புமா என்ற பெரிய கேள்வியைச் சின்னப் பையனின் பயத்திலிருந்துதான் அவர் எழுப்புகிறார்.

கொங்கு நாட்டுக்கு வந்தால் அண்ணன்மார் சாமி கதை. உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் களத்தில் மடியும் கட்டம் வரும்போது பெரியவர்களுக்கே அருள் வந்து ஆடும். காட்டுப்பன்றி கொம்பன் வயலை அழிக்க வரும் இடத்தில் மடியில் தூங்கும் பிள்ளையும் விழித்துக்கொள்ளும். 1960களின் நடுவில் காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கிய பிரெண்டா பெக் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். பிற்பாடு அதைப் பிள்ளைகள் பார்க்கும் அசைபடத் தொடராகவும் படக்கதையாகவும் கொண்டுவந்தவரும் அவர்தான். கனடாவிலிருந்து ஒருவர் வந்து செய்ய வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

இனி நான் நின்று பேச விரும்பும் காலம். 1947 ஜூலையில் சந்தமாமாவும் அதன் தமிழ் வடிவமான அம்புலிமாமாவும் வந்தன. தமிழ்நாட்டில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை முழுப்பக்கம் படிப்பவர்களாக மாற்றியதில் பாடநூலைவிட, அதில் மாதா மாதம் விக்கிரமன் சுமந்த வேதாளத்துக்குப் பங்கு அதிகம் என்பேன். அதைக் கண்ணில் நிறுத்தியவர் தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் 1924இல் பிறந்த சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து 1952இல் சந்தமாமாவில் சேர்ந்தவர். 2020 செப்டம்பரில் காலமானார்; பத்மஸ்ரீ மறு ஆண்டுதான் வந்தது. அவர் நம்ம பக்கத்துக்காரர் என்று கோவை, ஈரோட்டு இலக்கியக் கூட்டங்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாகம்மாளையும் ஆர். சண்முகசுந்தரத்தையும் கொண்டாடும் வாய்க்கு இந்தப் பெயர் ஏனோ வருவதில்லை.

அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். உருவிய வாள், தோளில் பிணம், தரையில் மண்டையோடுகள். நடுவே விக்கிரமன் நடந்துகொண்டே இருக்கிறான். சுற்றிலும் பயங்கரம், அவன் முகத்தில் மட்டும் அது இல்லை. பார்க்கிற பிள்ளை பிணத்தைக் கண்டு நடுங்கும், ராஜாவைப் பார்த்துத் தெம்பு கொள்ளும். பயத்தையும் அதைத் தாங்கும் வழியையும் ஒரே சட்டத்துக்குள் வைத்த ஓவியம் அது.

எழுத்தின் அமைப்பும் அதே அளவு கெட்டி. மாதா மாதம் தொடக்கம் ஒன்றுதான்: ராஜா மரம் ஏறுவான், பிணத்தை இறக்குவான், மௌனமாக நடப்பான், வேதாளம் பேசும். முடிவும் ஒன்றுதான்: விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் பிணம் மரத்துக்கே திரும்பும். படிக்கத் தயங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. எங்கள் தெருவில் ஆறாவது படிக்கும் ஒரு பையனுக்கு மரத்தின் பெருமை சொல்லும் பரிசுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தோடு திருப்பித் தந்துவிட்டான். பழைய அம்புலிமாமா பைண்டைக் கொடுத்தபோது முதல் கதையை நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. “பொணம் மறுக்கா மரத்துக்கே போயிருச்சுங்களா?” என்றான். “போயிருச்சு கண்ணு, அடுத்ததை நீயே பாரு” என்றேன். அடுத்த கதையின் முதல் பத்தியைத் தாண்டி விரலை வைத்து, “இது தெரியுமுங்” என்று இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்கினான். பக்கத்தில் பாதி முன்பே தெரியும் என்ற தைரியம் மீதிப் பாதியைப் படிக்க வைக்கிறது. வாசிப்புப் பயிற்சிக் கையேடுகள் எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த எளிய சூட்சுமத்தைத் தொடுவதில்லை.

மூடநம்பிக்கை என்கிறவர்களுக்கும் ஒரு தகவல். சந்தமாமாவின் தெலுங்கு மூலத்தை 1952 முதல் 1980இல் தான் இறக்கும்வரை பொறுப்பேற்று வடித்தவர் கொடவடிகண்டி குடும்பராவ். அவர் பகுத்தறிவாளர், மார்க்சியர். 1970இல் தொடங்கிய புரட்சிகர எழுத்தாளர் சங்கமான ‘விரசம்’ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். மூலத்து இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பிறகும் வேதாளத்தைப் பல பத்தாண்டு பேசவைத்தது அந்த இதழ். பெரியார் பிறந்த ஈரோட்டின் பெயரைச் சொல்லிப் பேயை விரட்டுகிறவர்கள் குடும்பராவின் மேசையை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். வேதாளம் யாரையும் கும்பிடச் சொல்லவில்லை, எது நியாயம் என்று கேட்டது.

பிறகு நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. புதுமைப்பித்தன் 1943இலேயே ‘காஞ்சனை’ எழுதிவிட்டார். அதோடு நல்ல பயம் பெரியவர்கள் சொத்தாகிவிட்டது. மலிவுப் பயம் பேருந்து நிலையக் கடைக்குப் போனது. பேய்க்கதை மன்னன் என்று பட்டம் வாங்கிய பி.டி. சாமியின் நாவல்களைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்குள் வைத்துத் திருட்டுத்தனமாகப் படித்தார்கள். அவர் எழுத்து எனக்கு உவப்பானதல்ல. பெண்ணுடலைப் பயமுறுத்தும் பொருளாக்கும் மலினம் அந்த வகை நாவல்களில் நிறைய. ஆனால் எத்தனையோ பேரை எழுத்துக்குள் இழுத்துவந்த புண்ணியமும் அதற்கு உண்டு. சிவகாசி முத்து காமிக்ஸ் 1972இல் இறக்கிய இரும்புக்கை மாயாவி இன்னொரு புண்ணியவான். நடுவில், நல்ல எழுத்தாளன் பத்து வயதுப் பிள்ளைக்கென்று எழுதிய பேய்க்கதை என்ற இடம் ஏறக்குறைய காலி.

வங்காளத்தில் அந்த இடம் காலியாக இல்லை. உபேந்திரகிஷோர் 1915இலேயே பேய்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். லீலா மஜும்தார் எழுதினார். 1961இல் ‘சந்தேஷ்’ இதழை மீண்டும் தொடங்கிய சத்யஜித் ராய், அசலான நடுக்கக் கதைகளைத் தன் சினிமாப் புகழுக்கு நடுவே எழுதிக்கொண்டே இருந்தார். அங்கே அதை யாரும் கீழான வேலையாக நினைக்கவில்லை. ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் கீரனூர்க்காரரான நம் சண்முகசுந்தரம். நாவலும் படமும் வந்து சேர்ந்தன. அந்தப் பேய்களுக்கு மட்டும் தமிழில் தகுந்த வரவேற்பு இல்லை.

இன்றைய தமிழ்ச் சிறார் இலக்கியம் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பிள்ளைகள் வெளியே சொல்ல முடியாத நிஜமான அச்சத்தைத் தொட்டது. சாகித்திய அகாதெமி அதற்கு 2020இல் பால சாகித்திய புரஸ்கார் கொடுத்தது நியாயம். ஆனால் பெருவாரியான புத்தகங்களில் அணில் சுற்றுச்சூழல் பேசுகிறது, மேகம் ஒற்றுமை பேசுகிறது. நல்லெண்ணத்தில் ஊறவைத்த எழுத்து. கடைசிப் பக்கத்தில் காத்திருக்கும் கருத்தைப் பிள்ளை முதல் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடுகிறது. பிள்ளைகள் தேடுவதோ வேறு: அமெரிக்காவில் ஆல்வின் ஷ்வார்ட்ஸ் 1981இல் தொகுக்கத் தொடங்கிய பயமூட்டும் கதைகள்தான் 1990களில் நூலகங்களை விட்டு எடுக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த நூல்வரிசை. பெற்றோர் புகார் எழுதினார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்று எடுத்தார்கள்.

பிஞ்சு மனம் வாடும் என்கிறவர்கள் கொடுமுடிக்கு ஒரு அமாவாசையன்று வரட்டும். காவிரிப் படித்துறையில் வரிசையாக உட்கார்ந்து திதி கொடுக்கிறார்கள், பிண்டம் கரைக்கிறார்கள். பத்தடி தள்ளி அதே தண்ணீரில் பிள்ளைகள் குட்டிக்கரணம் போடுகிறார்கள். ஊர் எல்லையில் அருவாளை ஓங்கி விழி பிதுங்க உட்கார்ந்திருக்கும் முனியப்பனின் காலடியில் ஒளிந்து விளையாடுகிறார்கள். சாவும் பயமும் இவர்களுக்குப் புதிதில்லை, அதைப் பேச ஒரு கதைதான் கையில் இல்லை. கைப்பேசி ‘உண்மைச் சம்பவம்’ என்று அலறும் காணொளிகளை நள்ளிரவிலும் தருகிறது. மூடநம்பிக்கைக்கு அஞ்சுகிறவர்கள் அஞ்ச வேண்டிய இடம் அது. அச்சில் வரும் கதை தன்னைக் கதை என்று சொல்லிக்கொண்டுதான் தொடங்குகிறது. பயம் அதிகமானால் மூடி வைத்துவிடலாம், வேகமும் பிள்ளையின் கையில்தான்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வகுத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ‘நட’ படிக்குக் கொம்பன் கதையை எழுதித் தர ஒருவர் வேண்டும், மண்டையோட்டை அழித்து நட்சத்திரம் போடாத ஓவியர் ஒருவரும் வேண்டும். அண்ணன்மார் கதையில் கொம்பன் வேட்டுவர் பக்கத்துப் பன்றி, வேட்டுவப் பெண் வளர்த்தது. அவள் தரப்பையும் உழவர் தரப்பையும் ஒருசேர வைத்து, கடைசிப் பக்கத்தில் தீர்ப்பு எழுதாமல், யார் செய்தது சரி என்று பத்து வயது விக்கிரமனிடம் கேட்டு நிறுத்துகிற துணிச்சல் எந்தப் பதிப்பாளருக்கு இருக்கிறது?